கட்டம், அம்பு, பாஸ்போர்ட்

பக்கத்து வீட்டுக்காரரின் மகள் ஐ.டி. கம்பெனி ஒன்றில் பிசினஸ் அனலிஸ்ட். நாள் முழுக்கத் திரையில் வட்டமும் கட்டமும் போட்டு அம்பு இழுத்துக்கொண்டிருக்கிறாள், இதற்கா சம்பளம் என்று கேட்டார். இதற்குத்தான். ஏன் என்று சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். இன்னொரு டீ சொன்னாலும் தப்பில்லை.

பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2008-ல் வெளியுறவு அமைச்சகம் டி.சி.எஸ். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 2010-ல் பெங்களூரு, சண்டிகர் வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள், 2012 நடுவில் நாடு முழுக்க 77 ஆகியிருந்தன. சாலிகிராமமோ அமைந்தகரையோ, நடைமுறை ஒன்றுதான். ஆன்லைனில் விண்ணப்பம், பணம், நாள் நேரம். உள்ளே போனதும் டோக்கன். ‘ஏ’ கவுண்டரில் போட்டோ, கைரேகை, ஆவணங்கள் ஸ்கேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கம்பெனி ஊழியர்கள். ‘பி’யில் அசலைப் பார்த்துச் சரிபார்க்கும் அரசு அலுவலர். ‘சி’யில் அனுமதி தரும் அதிகாரி. அப்புறம் போலீஸ் விசாரணை, அச்சு, ஸ்பீட் போஸ்ட்.

இப்போது இதைத் தாளில் போடுங்கள். இதற்கென்றே பிபிஎம்என் என்று ஒரு குறியீட்டு முறை உண்டு. 2004-ல் வந்தது, 2011-ல் இரண்டாம் பதிப்பு, 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. மெல்லிய கோட்டில் ஒரு வட்டம் போட்டால் தொடக்கம், தடித்த கோட்டில் போட்டால் முடிவு. முனை மழுங்கிய கட்டம் ஒவ்வொன்றும் ஒரு வேலை. சாய்சதுரம் வந்தால் வழி பிரிகிறது என்று அர்த்தம். தாளை நீளவாக்கில் தடம் தடமாகப் பிரித்து, எந்த வேலை யாருடையதோ அவர் தடத்தில் அந்தக் கட்டத்தை வைக்க வேண்டும். கம்பெனி ஊழியருக்கு ஒரு தடம், அரசு அலுவலருக்கு ஒன்று, காவல் துறைக்கு ஒன்று, தபால் துறைக்கு ஒன்று. குறியீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. முக்கால்வாசிப் படங்களுக்கு இவ்வளவே போதும்; மீதியைப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வரைந்தால் என்ன லாபம்? வாயால் சொல்லும்போது தாண்டிப் போய்விடுகிற இடங்களில் கை நின்றுவிடும். ‘சி’ கவுண்டருக்குப் பிறகு ஒரு சாய்சதுரம் வருகிறது. விசாரணை முடிந்த பிறகு பாஸ்போர்ட், பாஸ்போர்ட் கொடுத்த பிறகு விசாரணை, விசாரணையே இல்லாமல் பாஸ்போர்ட் என்று மூன்று வழி. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘பி’யில் உள்ளவர், “முகவரிச் சான்று சரியில்லைங்க” என்று சொல்லிவிட்டால்? அம்பு எங்கே திரும்புகிறது? விண்ணப்பதாரர் இன்னொரு நாள் வரும்போது மறுபடி ‘ஏ’யில் கைரேகை வைக்க வேண்டுமா, நேராக ‘பி’க்குப் போகலாமா? போன தடவை எடுத்த போட்டோ செல்லுமா? அவர் வராமலே இருந்துவிட்டால் அந்த விண்ணப்பம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? ஒரு அம்பை இழுக்க இத்தனை கேள்வி கேட்டாக வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் இந்தக் கேள்விகளுக்குத்தான், கட்டத்துக்கு இல்லை.

இன்னொன்றும் படத்தில் தெரியும். வேலை கட்டத்துக்குள் நடக்கிறது. நாட்கள் கழிவதென்னவோ அம்பில். ‘ஏ’, ‘பி’, ‘சி’ மூன்றிலும் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். விசாரணைக்கு வரும் காவலரும் நம் வீட்டில் அரை மணி நேரம் இருந்தால் அதிகம். ஆனால் காகிதம் மாவட்ட அலுவலகம் போய், ஸ்டேஷனுக்கு வந்து, அறிக்கையாகி, அதே வழியில் திரும்ப வேண்டியிருந்தது. வாரக்கணக்கு ஆனது அந்தப் பயணத்தில்தான். 2023 பிப்ரவரியில் டெல்லி காவல் துறையின் சிறப்புப் பிரிவுக்கு 350 டேப்லெட் கொடுத்து, விசாரணை 15 நாளிலிருந்து 5 நாளாகக் குறையும் என்று அறிவித்தார்கள். காவலர் செய்கிற வேலை மாறவில்லை. அறிக்கை போகும் அம்பு சுருங்கியது.

அவசரத்துக்கு எடுக்கும் தட்கால் பாஸ்போர்ட் இன்னும் சுவாரசியம். அங்கே எந்த வேலையும் வேகமாக்கப்படவில்லை. பெரும்பாலும் விசாரணை என்ற கட்டத்தை எடுத்து அச்சுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். காத்திருப்பு போயிற்று. ஆனால் படம் வரைகிறவர் அங்கேயே பேனாவை வைத்துவிட முடியாது. பாஸ்போர்ட் கைக்குப் போன பிறகு பாதகமான அறிக்கை வந்தால் அதைத் திரும்பப் பெற ஒரு வழி வேண்டும். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. படத்திலும் புதிதாக ஒரு கட்டம் முளைக்கும். வரிசையை மாற்றினால் அதற்கான செலவு வேறெங்காவது வந்து நிற்கும். அது எங்கே என்று முன்கூட்டியே கண்ணில் படுவதுதான் வரைந்ததற்குக் கிடைக்கும் கூலி.

இதுவரை போட்ட படத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? விண்ணப்பதாரருக்குத் தடமே கொடுக்கவில்லை. நான் பார்த்த அலுவலகப் படங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்கும்போது பிறக்கிறார், வெளியே போனதும் மறைந்துவிடுகிறார்.

வாடிக்கையாளரையும் கணக்கில் எடுத்து வரைந்தவர் உண்டு. சிட்டி பேங்கில் பணியாற்றிய லின் ஷோஸ்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1984-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தெருமுனையில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர். தூசி தட்டுதல், பாலிஷ் தடவுதல், தேய்த்துப் பளபளப்பாக்குதல், காசு வாங்குதல் என்று ஒவ்வொன்றையும் நொடிக் கணக்கோடு வரைந்தார். மொத்தம் 2 நிமிட வேலை. வாடிக்கையாளரின் பொறுமை 5 நிமிடம். தப்பு நடக்கக்கூடிய இடத்தையும் குறித்தார்: வேறு நிறப் பாலிஷைப் பூசிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், அதற்கு 45 நொடி. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது மேலே, தெரியாதது கீழே என்று நடுவில் ஒரு கோடும் போட்டார். சேவையில் புதுமை என்று இன்று மேடை போட்டுப் பேசுவதில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலே பார்க்கச் சொல்வதுதான்.

நாமும் 2016 வரைக்குமான விண்ணப்பதாரருக்குத் தடம் போட்டுப் பார்ப்போம். ஜெராக்ஸ் கடை. நோட்டரி வக்கீல். ஒரு நாள் லீவு. ராமநாதபுரத்துக்காரர் என்றால் மதுரைக்குப் பஸ். இவற்றில் ஒரு கட்டமும் பாஸ்போர்ட் அலுவலகத்தின் படத்தில் இருக்காது, ஆனால் எல்லாமே அந்த அலுவலகத்தின் விதியால் பிறந்தவை. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தி, இணைப்புப் படிவங்களை 15-லிருந்து 9 ஆக்கி, நோட்டரி கையெழுத்து வேண்டாம், வெள்ளைத் தாளில் நீங்களே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். 2017 ஜனவரியில் மைசூருவிலும் குஜராத்தின் தாஹோதிலும் தலைமைத் தபால் நிலையத்துக்குள்ளேயே பாஸ்போர்ட் சேவையைத் தொடங்கினார்கள். பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. முதலாவது, நோட்டரிக் கட்டத்தைக் கிழித்துப் போட்டது. இரண்டாவது, பஸ் பயணத்தை வெட்டியது. இரண்டுக்குமே வேகமான கம்ப்யூட்டர் காரணமில்லை.

இருப்பதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேறு ரகம். 1980-களில் ஃபோர்டு நிறுவனத்தில் பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல். கம்ப்யூட்டர் போட்டு 400 ஆக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தவர்கள், அதே வேலையை மாஸ்டாவில் 5 பேர் பார்ப்பதைக் கண்டார்கள். நிர்வாகவியல் எழுத்தாளர் மைக்கேல் ஹாமர் 1990-ல் எழுதி இந்தக் கதை பிரபலமானது. ஃபோர்டு கடைசியில் செய்தது, பில் என்ற காகிதத்தையே எடுத்துவிட்டது: ஆர்டர் போட்டபடி சரக்கு வந்துவிட்டால் பணம் போய்விடும். சும்மா கம்ப்யூட்டர் மட்டும் வாங்கியிருந்தால் 400 பேர் இன்னும் வேகமாகப் பில் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரி, ‘மாடலை அடிப்படையாகக் கொண்ட உருவாக்கம்’ என்று அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் துறையில் சொல்வது என்ன? வீட்டுக்குப் பிளான் போட்டால் அதைப் பார்த்துக் கொத்தனார் கட்டுவார். பிளான் பீரோவுக்குள் போய்விடும், பிறகு ஜன்னலை மாற்றினாலும் பிளானில் யாரும் மாற்ற மாட்டார்கள். மென்பொருளிலும் ரொம்ப காலம் அதுதான் நடந்தது. 2001-ல் ஓ.எம்.ஜி. என்ற அமைப்பு வேறொரு வழியை முன்வைத்தது. தொழில் எப்படி நடக்கிறது என்று ஒரு படம், அதைக் கணினி அமைப்பாக்கினால் எப்படி என்று இன்னொரு படம், குறிப்பிட்ட தொழில்நுட்பத்துக்கு ஏற்ப மூன்றாவது. ஒன்றிலிருந்து ஒன்று, கடைசியில் நிரல். பிபிஎம்என் இரண்டாம் பதிப்பு வந்தபோது படத்தைக் கணினி படிக்கும் கோப்பாகச் சேமித்து நேரடியாக ஓட்டவும் வழி பிறந்தது. அப்போது பிளான்தான் வீடு. அம்பை நகர்த்தினால் நாளைக் காலை வேலை அந்த வழியில் போகும்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. படத்தில் இல்லாதது நடக்கவே நடக்காது. பழைய கிளார்க் ஒருவர், “சரி, பரவாயில்லை, கொடுங்க” என்று சமாளித்த விஷயங்களுக்கு இங்கே ஆள் கிடையாது.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இனிஷியலும் ஒரு பெயரும் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஓட்டிவிடுகிறோம். பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. காலியாக விடலாம், இந்திய அமைப்பு ஏற்றுக்கொள்ளும். அடுத்தவர் வரைந்த படம் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. அமெரிக்க விசாவில், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தை நம் ஆட்களின் பெயருக்கு முன்னால் போட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. டிக்கெட்டோடு கிளம்பத் தயாராக இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! சில நாட்களில் விளக்கம் வந்தது: பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பாவின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் செல்லும். அதற்காக யாரும் புது பாஸ்போர்ட் அடிக்கவில்லை. பெயர் சரிபார்க்கும் கட்டத்தில், இரண்டாவது பக்கத்தையும் பார் என்று ஒரு வழி கூடுதலாகச் சேர்ந்தது.