உலர் ஹாப்பிடல்

உலர் ஹாப்பிடல் என்பது பியர் தயாரிப்பில் ஹாப்புப் பூக்களைக் கொதிக்கும் சாற்றில் இடாமல், நொதித்தல் முடியும் தறுவாயிலோ முடிந்த பின்னரோ பியரில் இட்டு ஊறவைக்கும் முறையாகும். பெயரில் உள்ள "உலர்" என்பதைக் கொண்டு மயங்க வேண்டியதில்லை. கொதிக்கும் சாற்றில் இடப்படும் ஹாப்பும் பெரும்பாலும் உலர்த்தப்பட்டதே.

ஹாப் கஞ்சாக் குடும்பத்தைச் சேர்ந்த கொடியாகும். இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் இது பயிரிடப்படுகிறது. இதன் பெண் பூங்கதிர்களில் உள்ள மஞ்சள் நிறச் சுரப்பிகளில் கசப்பு அமிலங்களும் நறுமண எண்ணெய்களும் உள்ளன. கொதிக்க வைத்தால் அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தருகின்றன; ஆனால் எண்ணெய்களில் பெரும்பகுதி நீராவியுடன் வெளியேறிவிடுகிறது. மிர்சீன், லினலூல், செரானியால் போன்ற அந்த மணப்பொருட்களைப் பியரில் தக்கவைப்பதே உலர் ஹாப்பிடலின் நோக்கம்.

வரலாறு

இம்முறைக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு இலண்டனில் இருந்த ஜார்ஜ் ஹாட்சனின் போ வடிசாலையிலிருந்து வெளிர்நிறப் பியர், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வழியே கல்கத்தா, மதராசு, பம்பாய்த் துறைமுகங்களுக்கு வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து வரும் அப்பயணம் பல மாதங்கள் நீடித்தது. எனவே ஏற்றுமதிப் பியரில் ஹாப் மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. பீப்பாய்களிலும் உலர் ஹாப் இடப்பட்டது. ஹாப்பின் கசப்பு அமிலங்கள் பியரைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களைத் தடுத்தன. பீப்பாயில் எஞ்சியிருந்த ஈஸ்ட், உள்ளே புகுந்த ஆக்சிசனை உட்கொண்டது. இப்பியரை ஹாட்சன் இந்தியாவுக்கென்றே கண்டுபிடித்தார் என்று பரவலாகக் கூறப்படுவதற்குச் சான்றில்லை. அக்காலத்தில் கருநிறப் போர்ட்டர் பியரும் இந்தியாவுக்குப் பெருமளவில் அனுப்பப்பட்டது.

ஆக்சிசனால் வரும் கேடு

நொதித்தல் முடிந்த பியரில் ஆக்சிசன் ஏறக்குறைய இருப்பதில்லை. ஹாப் இடுவதற்காக மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே செல்கிறது. ஹாப் வில்லைகளின் நுண்துளைகளிலும் காற்று உண்டு. 25 பாகை செல்சியசில் காற்றுடன் சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிசன் கரைந்திருக்கும். வடிசாலைகளோ பியரில் 0.05 மில்லிகிராமைக்கூட மிகுதி எனக் கருதுகின்றன. பாலிஃபீனால்கள் ஆக்சிசனேற்றம் அடைவதால் பியரின் நிறம் பழுப்பாகிறது, மணம் மங்குகிறது; நாளடைவில் ஈர அட்டையின் வாடை தோன்றுகிறது. வெப்பம் கூடினால் இவ்வேதிவினைகள் விரைவடையும் என்பதால், புதுச்சேரி போன்ற இடங்களில் குளிரூட்டப்படாத பியர் மேலும் விரைவாகக் கெடும்.

கள்ளை இதனுடன் ஒப்பிடலாம். தென்னம்பாளையிலிருந்து கலயத்தில் இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கும் கள், காற்றுப் பட்டால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்களால் காடியாகிவிடுகிறது. அதனால் அது அன்றன்றே குடிக்கப்படுகிறது. ஹாப்புக்கு அங்கே வேலையில்லை.

தடுக்கும் முறைகள்

நொதித்தல் முற்றிலும் ஓயும் முன்பே ஹாப்பை இடுவது எளிய வழி. உள்ளே வரும் ஆக்சிசனை ஈஸ்ட் உட்கொள்ளும். தொடர்ந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடும் காற்றை வெளியே தள்ளும். 20 லிட்டர் சாறு நொதிக்கும்போது ஏறத்தாழ 400 லிட்டர் வாயு உண்டாகிறது. ஆனால் அவ்வாயு மணத்திலும் ஒரு பகுதியைக் கொண்டுசென்றுவிடும். சிலர் ஹாப் பையைக் காந்தத்தால் கலத்தின் மேற்பகுதியில் முன்கூட்டியே நிறுத்தி, வேண்டியபோது மூடியைத் திறக்காமலே விழச் செய்கின்றனர்.

மற்றொரு கலத்துக்கு மாற்றுவதானால், அதை விளிம்புவரை நீரால் நிரப்பி, அந்நீரைக் கார்பன் டை ஆக்சைடால் வெளித்தள்ளிய பின் மூடிய குழாய்வழிப் பியரைச் செலுத்துவது நல்லது. இவ்வாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே போர்வைபோல் பியரைக் காக்கும் என்ற நம்பிக்கை தவறு. வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஊறுவதற்கு இரண்டு முதல் நான்கு நாட்கள் போதுமானவை.

ஹாப்பிலுள்ள நொதிகள் எஞ்சிய மாச்சத்துக்கூறுகளைச் சர்க்கரையாக்குவதால் நொதித்தல் மீண்டும் தொடங்கக்கூடும். பிரௌன், மோரிசு ஆகிய இருவர் 1893 இலேயே இதை விளக்கினர். இது அடங்கும் முன் புட்டியில் அடைத்தால் அழுத்தம் மிகுந்து புட்டி வெடிக்கலாம்.

புதுச்சேரியில் மது தயாரிப்பு 1970ஆம் ஆண்டு ஆயத்தீர்வைச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமமின்றி வீட்டில் பியர் வடிப்பது குற்றமாகும்.