ஜிம்மில் ஒருவர் சுருண்டு விழுந்தால்: ஆம்புலன்ஸ் வரும் வரை யார், என்ன செய்ய வேண்டும்?

2022 நவம்பர் 11. தொலைக்காட்சி நடிகர் சித்தாந்த் வீர் சூர்யவன்ஷி மும்பையில் ஜிம்மில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. வயது 46. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, நகைச்சுவைக் கலைஞர் ராஜு ஸ்ரீவஸ்தவா டெல்லியில் ட்ரெட்மில்லில் ஓடும்போது விழுந்தார். 6 வாரம் எய்ம்ஸில் இருந்து, செப்டம்பர் 21-ல் இறந்தார்.

இப்படி ஒரு செய்தி வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான்: "அப்போ ஜிம்முக்குப் போறதே ஆபத்தா?" அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் போகும் ஜிம்மில் ஒருவர் விழுந்தால், முதல் 3 நிமிடத்தில் என்ன செய்வது என்று அங்கே யாருக்காவது தெரியுமா?

ஜிம்முக்குப் போவது ஆபத்தா?

இல்லை. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு குறைவு. பழக்கமே இல்லாதவர் திடீரென்று உடலை வருத்தும்போதுதான், உள்ளே மறைந்திருந்த பிரச்னை வெளியே வரலாம். அதனால், சேரும்போதே மார்பு வலி, மயக்கம், பிபி, சுகர், சாப்பிடும் மாத்திரை பற்றிக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மாரடைப்பும் கார்டியாக் அரெஸ்ட்டும் ஒன்றா?

இல்லை. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது; ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். கார்டியாக் அரெஸ்ட்டில் இதயம் ரத்தத்தை அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம்.

தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் கார்டியாக் அரெஸ்ட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு மூச்சு விட்டுவிட்டு இழுக்கும். அதைப் பார்த்து "மூச்சு இருக்குல்ல" என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. முகத்தில் தண்ணீர் தெளிப்பது, வாயில் ஊற்றுவது எல்லாம் வேண்டாம்.

அது ஏன் 3 நிமிடம்?

சிபிஆரும் மின் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடம் போனால் மிச்சம் அநேகமாக எதுவும் இல்லை.

2000-ம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சூதாட்ட விடுதிகளில் கார்டியாக் அரெஸ்ட் வந்தவர்களைக் கணக்கெடுத்தது. அங்கே உதவிக்கு ஓடியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற செக்யூரிட்டி ஊழியர்கள். விழுந்த 3 நிமிடத்துக்குள் மின் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதற்கு மேல் தாமதமானபோது 49 சதவீதம். செக்யூரிட்டியால் முடிந்தது ஜிம் ட்ரெயினரால் முடியாதா?

மும்பையில் இது ஏன் இன்னும் அவசரம்?

சயான் மருத்துவமனை தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் 90 அடி சாலையின் நெரிசலைத் தாண்டி வந்தாலும், தாராவியின் உள்சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. செங்குத்தான படியேறிப் போகும் மாடி ஜிம் என்றால் ஸ்ட்ரெச்சரைத் திருப்பவே திணற வேண்டும். செம்பூரின் புது டவர்களில் பிரச்னை வேறு: கேட், ரிஜிஸ்டர், லிஃப்ட். மருத்துவமனை எவ்வளவு பக்கம் என்றாலும், முதல் 3 நிமிடம் ஜிம்மில் இருப்பவர்கள் கையில்தான்.

ஜிம்மில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

யாருக்கு என்ன வேலை: ஒருவர் நெஞ்சை அழுத்த வேண்டும், ஒருவர் 108 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும், ஒருவர் ஏஇடி கருவியை எடுத்து வர வேண்டும், ஒருவர் தெருமுனைக்கு ஓடி ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட வேண்டும். இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முகவரியும் பக்கத்து அடையாளமும் அதிலேயே இருக்கட்டும். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும்.

சிபிஆர் பயிற்சி: நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் ஒருவராவது ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் வேண்டும், காலை 6 மணி பேட்ச் உள்பட.

ஏஇடி: இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டும் மின் அதிர்ச்சி தரும் கருவி. என்ன செய்ய வேண்டும் என்று குரலிலேயே சொல்லும். பூட்டிய அலமாரியில் வைத்தால் பயனில்லை. பேட்டரியையும், நெஞ்சில் ஒட்டும் பேடுகளின் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒத்திகை: சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு ட்ரெயினரை விழுந்தவர் போல நடிக்கச் சொல்லி, கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். 3 நிமிடத்தைத் தாண்டினால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. 2005 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தின்படி உடற்பயிற்சி நிலையங்களில் எழுத்துப்பூர்வ அவசரத் திட்டம், ஏஇடி, அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் என மூன்றும் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நாளைக்கு ஜிம்முக்குப் போனதும் கவுன்ட்டரில் மூன்றே கேள்வி கேளுங்கள். இப்போது இங்கே இருப்பவர்களில் சிபிஆர் தெரிந்தவர் யார்? ஏஇடி எங்கே இருக்கிறது? ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? பதில் இல்லை என்றால் உறுப்பினர்கள் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். மாதக் கட்டணம் கட்டும் நாம் ஏசி ஓடவில்லை என்றால் உடனே கேட்கிறோம். இதையும் கேட்கலாம்.