காட்டுவதால் பார்க்கிறோமா, பார்ப்பதால் காட்டுகிறார்களா?

இங்கிலாந்து நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் முதலில் கால்பந்து, அப்புறமும் கால்பந்து. லீக் ஆட்டமே நடக்காத ஜூன், ஜூலையில்கூட எந்த வீரர் எந்த கிளப்புக்குத் தாவப் போகிறார் என்ற ஊகங்களே பக்கங்களை நிரப்பும். ஹாக்கியும் துடுப்புப் படகும் ஒலிம்பிக் வந்தால்தான் தலைகாட்டும். ஏன்னு கேட்டா ரெடிமேட் பதில் ஒன்று உண்டு: "ஜனங்க அதைத்தான் பாக்குறாங்க."

இது பாதி உண்மைதான். கால்பந்து ரெண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், விதிகள் சீக்கிரம் புரியும், வாராவாரம் ஆட்டம் உண்டு. சைக்கிள் பந்தயத்தைப் படம்பிடிக்க ஹெலிகாப்டர் வேணும்.

மீதிப் பாதி எங்க துறைக்காரர்களுக்குப் பழகின சமாச்சாரம். ஒரு ஷாப்பிங் தளத்தில் முதல் வரிசையில் வைக்கிற பொருளுக்குத்தான் க்ளிக் அதிகம் விழும். க்ளிக் அதிகம் என்பதாலேயே அது மறுபடி முதல் வரிசைக்கு வரும். பொருள் நல்லதா, இடம் நல்லதா என்று க்ளிக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இடத்தை மாத்திப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கிலாந்தில் கிரிக்கெட்டுக்கு அப்படி ஒரு சோதனை தானாகவே நடந்தது. (நம்ம ஊரில் மற்ற விளையாட்டுகளை விழுங்கும் கிரிக்கெட், அங்கே விழுங்கப்பட்ட கட்சி!) 2005 ஆஷஸ் தொடரைத் தனிச் சந்தா தேவையில்லாத சேனல் 4 காட்டியது. டிரென்ட் பிரிட்ஜ் டெஸ்டை உச்ச நேரத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். 2006 முதல் உள்நாட்டு டெஸ்ட்கள் எல்லாம் ஸ்கை என்ற கட்டணச் சேனலுக்குப் போயின. 2009 ஆஷஸும் இங்கிலாந்தில்தான் நடந்தது. அதே ஆஸ்திரேலியா, அதே 2-1 வெற்றி. ஆனால் உச்ச எண்ணிக்கை 20 லட்சத்தைத் தொடவில்லை.

கிரிக்கெட் வாரியத்தை வில்லனாக்க எனக்கு மனசு வரல. இலவசமாகக் காட்டியே ஆக வேண்டிய போட்டிகளின் பட்டியலிலிருந்து உள்நாட்டு டெஸ்ட்களை 1998இல் எடுத்தபோது, அதைக் கேட்டு வாங்கியதே வாரியம்தான். பணம் தேவைப்பட்டது, வந்தது. போனது என்னன்னா, சேனல் மாத்தும்போது தற்செயலா கிரிக்கெட்டில் மாட்டிக்கொள்கிற பத்து வயசுப் பையனும் பொண்ணும். அந்த நஷ்டம் எந்த வரவு செலவுக் கணக்கிலும் தெரியாது.

14 ஜூலை 2019 அன்று லார்ட்ஸில் உலகக்கோப்பை இறுதிப் போட்டி. ஸ்கை அதைச் சேனல் 4க்கும் பகிர்ந்துகொண்டது. எல்லாம் சேர்த்து உச்சத்தில் 80 லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். ஜனங்க எங்கேயும் போயிடல.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பிரீமியர் லீக்கும் 1992லேயே ஸ்கைக்குப் போச்சே, கால்பந்து ஏன் சுருங்கலை? நேரடி ஆட்டங்கள் போனாலும் அது கண்ணை விட்டுப் போகவில்லை என்பதுதான் என் பதில். சனிக்கிழமை இரவு ஹைலைட்ஸ் பொதுச் சேனலில் தொடர்ந்தது. உலகக்கோப்பை, யூரோ போட்டிகள் அந்தப் பாதுகாப்புப் பட்டியலிலேயே இருந்தன. பத்திரிகைகள் தினமும் எழுதின. மறுபடி மறுபடி காட்டிக்கொண்டே இருக்க யாரோ இருந்தார்கள். கிரிக்கெட்டுக்கு அந்த அளவு கிடையாது.

இன்னொரு உதாரணம் கால்பந்துக்குள்ளேயே இருக்கு. 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்துக்குச் சுமார் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், தன் கீழ் உள்ள மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்றது. தடை ஏறக்குறைய ஐம்பது வருஷம் நீடித்தது. அதற்குப் பிறகும் "பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பாங்க" என்ற பேச்சு ஓயவில்லை.

2022 யூரோ இறுதியில் இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை வென்றதை பிபிசி ஒன் காட்டியது. உச்சத்தில் பார்த்தவர்கள் 1.74 கோடி.