கம்பஸ் ஆய்வும் எங்கள் கிணறும்

“கம்பஸ்காரர் வருசம் வருசமாய் ஆய்வு, ஆய்வு எண்டு எழுதுகினம். அதாலை எங்கடை கிணத்துக்கு என்ன வந்தது தம்பி?” பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கோண்டாவில் தோட்டக்கார அண்ணை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பிளேன்ரீ சொல்லிவிட்டு அவருக்கு விளக்கியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் ஆனையிறவுக்கு அப்பால், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அது வருவதற்கு முன் பொறியியல் படிக்க எங்கள் பிள்ளைகள் பேராதனைக்கும் கட்டுபெத்தைக்கும் போனார்கள். இன்று சிவில், மின்னியல், இயந்திரவியல், கணினி என்று அங்கேயே துறைகள் உண்டு. ஒரு பீடத்தின் ஆய்வு வெளியீடு என்றால் சஞ்சிகைக் கட்டுரை, மாநாட்டுக் கட்டுரை, பட்டத்துக்கான ஆய்வேடு, காப்புரிமை எல்லாம் அதில் அடங்கும். பெரும்பாலும் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், யாருடைய மண்ணையும் தண்ணீரையும் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுடைய கைக்கு அது வருவதில்லை.

அண்ணையின் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் நடுகிறோம், யூரியா போடுகிறோம். பயிர் அதில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். மிச்சம் நைத்திரேற்றாக மாறி, இறைக்கிற தண்ணீரோடும் மாரி மழையோடும் கீழே இறங்கும். கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். அங்கே வடிகட்ட எதுவும் இல்லை. வீட்டு மலக்குழியிலிருந்து கசிவதும் அதே பாதையில் போய்ச் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அளவு கூடினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாயும்.

இதை ஆய்வாக்குவது எப்படி? ஒரு கிணற்றில் ஒரு போத்தல் அள்ளினால் போதாது. தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் வேண்டும், மாரியிலும் கோடையிலும் அள்ள வேண்டும். அள்ளிய தண்ணீரைக் குளிரில் வைத்து, சுணங்காமல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் போத்தலுக்குள்ளேயே நுண்ணுயிர்கள் கணக்கை மாற்றிவிடும். முடிவை எழுதி அனுப்பினால், சஞ்சிகை அதைப் பெயர் தெரியாத வேறு நிபுணர்களிடம் கொடுக்கும். அவர்கள் கேள்வி கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள், சில வேளை திருப்பியும் அனுப்புவார்கள். மாதக்கணக்கில் இழுபடும் இந்தச் சோதனையைத் தாண்டியதைத்தான் வெளியீடு என்று நம்பலாம். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகளும் உலகில் நிறைய உண்டு. அவற்றில் வந்ததை நான் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன்.

உவர்ப் பிரச்சினையிலும் இப்படித்தான். குடாநாட்டில் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று சின்ன வயதிலேயே கேட்டிருப்போம். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகவே நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதைக் கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் நூறு வருடங்களுக்கு முன்பே கணக்கிட்டுவிட்டார்கள். மோட்டர் போட்டு இறைத்து மட்டம் ஒரு அடி இறங்கினால், கணக்கின்படி உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். உண்மையில் எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு ஏறுகிறது என்பதை அறிய, கம்பியில் கட்டிய மின்கடத்துமானியைக் கிணற்றுக்குள் அடி அடியாக இறக்கிக் குறிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் அதை யாரோ வருடக்கணக்கில் செய்யாவிட்டால் எந்த நீர்த்திட்டமும் ஊகமாகவே இருக்கும்.

அளந்து எழுதி வைத்தது நீதிமன்றத்திலும் பேசும். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கிணற்று நீரின் பரிசோதனை முடிவுகள் இல்லாமல் அந்த வழக்கு நின்றிருக்காது.

“அப்ப, நிறைய எழுதினவைதான் திறமோ?” என்றார் அண்ணை. உலகம் அதற்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஒருவருடைய கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டால் அவருக்கு எச்-சுட்டெண் 10. ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் முன்வைத்தது இது. பயனுள்ள அளவுதான், ஆனால் அதற்குள் அழகையா துரைராஜா போன்ற ஒருவரை அடக்க முடியாது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் 1994இல் இறக்கும்வரை துணைவேந்தராக இருந்து, போர்க்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போன மனிதர் அவர். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது களியையும் மணலையும் அமுக்கி, வழுக்கவிட்டுப் பார்த்தார். நாம் மண்ணில் செலுத்தும் வேலை எங்கே போகிறது? மண் சுருங்கினாலும் விரிந்தாலும், உராய்வில் கரையும் சக்தி அழுத்தத்தையும் மண் உருக்குலையும் அளவையும் மட்டுமே பொறுத்தது என்று அவருடைய தரவு காட்டியது. ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு அவர் எழுதிய கட்டுரை 1963இல் ஜியோடெக்னிக் சஞ்சிகையில் வந்தது. கேம் களி என்று அழைக்கப்படும் மண் மாதிரியுருவுக்கு அந்தச் சக்திக் கணக்கு ஒரு தூண். அணைக்கட்டுக்கும் சுரங்கப்பாதைக்கும் கணிக்கும் மென்பொருள்களில் அதன் வழிவந்த சமன்பாடுகள் இன்றும் ஓடுகின்றன.

கிணற்றையும் மண்ணையும் தாண்டியும் ஆய்வு நடக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பௌதிகவியல் துறையினர் நோர்வேயின் பேர்கன் நகரத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து மலிவான சூரிய மின்கலங்களைத் தேடுகிறார்கள். தீவுப்பகுதிக்கு டீசலை வள்ளத்தில் ஏற்றி மின்சாரம் எடுத்த எங்களுக்கு அதுவும் தூரத்து விஷயமில்லை.

பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடமும் அவர்களுடைய விரிவுரையாளர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். எந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்களோ, அந்த ஊர் வாசிகசாலைக்கு உங்கள் முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்காரரும் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால், அதற்காகக் காத்திராமல் கிணற்று நீரை நைத்திரேற்றுக்குப் பரிசோதியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது.