நினைவுக் கட்டங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர் இல்லங்களில் பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக இருப்பதைக் காண்கிறோம். அதனை அடியோடு தடுத்தல் அரிது. ஆதலின், திரையில் ஆடும் ஆட்டங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதனைக் குடும்பத்துக்குப் பயன்படும் வகையில் ஆடுவது எவ்வாறு என்று ஈண்டுச் சிறிது கூற விழைகிறோம்.

அவ்வாட்டம், சோடிப் படங்களைத் தேடும் ஆட்டம். இணைய உலாவியிலேயே இதனை ஆடலாம். தனிச் செயலி வேண்டுவதில்லை. 16 கட்டங்கள் மூடிக் கிடக்கும். அவற்றின் அடியில் 8 படங்கள் இவ்விரண்டாக ஒளிந்திருக்கும். ஒரு முறைக்கு இரு கட்டங்களைத் திறக்கலாம். படங்கள் ஒத்திருந்தால் சோடி நமக்கு; இன்றேல் இரண்டும் மீண்டும் மூடிக்கொள்ளும். ஜெர்மனியின் ரேவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959-இல் அட்டைகளாக வெளியிட்டுப் பரப்பிய ஆட்டத்தின் திரை வடிவமே இது.

நினைவையும் திட்டத்தையும் ஒருங்கே கேட்கும் ஆட்டம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியில் குழிகள் 14. குழிக்கு 5 புளியங்கொட்டை வீதம் இட்டால் மொத்தம் 70. குவிந்து கிடக்கும் குழியில் எத்தனை உள்ளன என்பதை மனத்தில் வைத்திருப்பவரும், எக்குழியிலிருந்து எடுத்தால் கை எங்கே போய் முடியும் என்பதை முன்னறிபவருமே அதில் வெல்வர்.

படக் கட்டங்களை நினைவில் நிறுத்துவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரே மூச்சில் பலவற்றை மனம் தாங்காது; தொகுத்துக் கொடுத்தால் தாங்கும். உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதனை விளக்கியது. இரயில்வே அலுவலில் இருக்கும் நாம் அன்றாடம் காண்பதும் இதுவே. பி.என்.ஆர். எண்ணின் 10 இலக்கங்களை ஒரே ஓட்டமாகச் சொன்னால் கேட்பவர் தடுமாறுவர். மூன்று, மூன்று, நான்கு எனப் பிரித்துச் சொன்னால் மறவார். கட்டங்களையும் வரிசைக்கு நான்காகப் பிரித்தே நோக்குதல் நலம்.

இனித் திட்டம். முதலில் புதிய கட்டத்தையே திறத்தல் வேண்டும். அதன் சோடி முன்பே கண்டதாயின் இரண்டாவதாக அதனைத் திறந்து வென்றுவிடலாம். கண்ட கட்டத்தை முதலில் திறப்பவர் இவ்வாய்ப்பை இழப்பர். இருவர் எதிர்த்து ஆடுங்கால் நுட்பம் மேலும் மிகும். யூரி ஸ்விக், மைக்கேல் பேட்டர்சன் என்னும் கணினியியல் அறிஞர் இருவர் 1993-இல் இவ்வாட்டத்தை ஆராய்ந்தனர். சில நிலைகளில், முன்பே கண்ட கட்டத்தை வேண்டுமென்றே இரண்டாவதாகத் திறந்து, எதிரிக்குப் புதுச் செய்தி எதுவும் கிட்டாமற் செய்வதே சிறந்த ஆட்டம் என்று அவர்கள் காட்டினர்.

இங்கே பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. இத்தகைய ஆட்டங்களால் மூளை கூர்மையாகும், மதிப்பெண் உயரும் என்று சொல்லிச் சந்தா கேட்போர் உளர். ஏட்ரியன் ஓவனும் அவர் குழுவினரும் 11,430 பேரை ஆறு வாரம் இவ்வகைப் பயிற்சியில் ஈடுபடுத்தி, அதன் முடிவை 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். பழகிய ஆட்டத்தில் திறமை வளர்ந்தது; பழகாத பிற வேலைகளுக்கு அத்திறமை பரவியதற்குச் சான்று கிட்டவில்லை. 2016-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், ஆதாரமற்ற விளம்பரம் செய்ததாகக் குற்றஞ்சாட்டிய வழக்கில், 'லூமோசிட்டி' ஆட்டங்களை விற்ற நிறுவனம் 20 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. ஆகவே, இதற்கெனக் கைப்பொருளைச் செலவிடுதல் வேண்டா.

அங்ஙனமாயின் இவ்வாட்டத்தால் நமக்கு என்ன பயன்? வாய்விட்டு ஆடினால் பெரும் பயன் உண்டு. மனத்துள் படித்த சொல்லைக் காட்டிலும் உரக்கச் சொன்ன சொல் நினைவில் நன்கு நிற்கும் என்பதைக் கனடா நாட்டு அறிஞர் காலின் மெக்லியோட் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அச்சொல் ஏன் தமிழ்ச் சொல்லாக இருத்தலாகாது? பள்ளியிலும் தெருவிலும் மலையாளம் கேட்டு வளரும் நம் குழந்தை கிளியின் படத்தைக் கண்டதும் 'தத்த' என்கிறது. சாவியைத் 'தாக்கோல்' என்கிறது. நாற்காலியைக் 'கசேர' என்கிறது. வண்ணத்துப்பூச்சியைப் 'பூம்பாற்ற' என்கிறது. அவை இனிய சொற்கள். இங்கு வாழ்வதற்கு வேண்டிய சொற்கள். அவற்றை மறக்கச் சொல்லோம். ஆனால், அவற்றின் அருகே நம் சொல்லும் நிற்க வேண்டாவா? வீட்டில் தமிழ்ச் சொல் புழங்காவிடில், ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியுடன் தொலைபேசியில் பேசும்போது குழந்தை சொல் கிடைக்காமல் விழிக்கும்.

எனவே வீட்டில் ஒரு விதி வகுத்துக்கொள்வோம். "மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது, கிளி" என்று தமிழில் சொல்லிய பின்னரே கட்டத்தைத் திறத்தல் வேண்டும். தவறாகச் சொன்னால் முறை அடுத்தவர்க்கு. திறவாத கட்டமாயின் இடத்தை மட்டும் சொல்லித் திறந்து, படத்தைக் கண்டதும் அதன் பெயரைச் சொல்லலாம். மேல், கீழ், இடம், வலம், எண், பெயர் யாவும் ஓர் ஆட்டத்திலேயே நாவில் புழங்கிவிடும்.

கைப்பேசி இல்லாவிடினும் குறையில்லை. பழைய நாட்காட்டி அட்டையை 16 துண்டுகளாக வெட்டி, பிள்ளைகளையே படம் வரையச் செய்யலாம். படத்தின் கீழே பெயரையும் தமிழில் எழுதச் சொன்னால் எழுத்தும் கைவரும். இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் தாயும் தந்தையும் உடன் அமர்ந்து ஆடுவார்களாயின், பிள்ளைகள் தாமே அதனை விரும்பி அழைப்பர். காசு செலவில்லாத இம்முயற்சியை இவ்விடுமுறையிலேயே தொடங்கிப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.