ஊராட்சி வாசலில் நின்ற இழை

ஊரிலிருக்கும் தாயின் முகத்தைக் கைப்பேசியில் காண முயன்று, உருவம் உறைந்துபோக மனம் நொந்தவர் நம்மில் பலர். கிராமங்களின் இக்குறை தீரவே, சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வடம் பதிக்க 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பாரத்நெட் என்பது அதன் இன்றைய பெயர். அதற்கான நிதி, தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து வீதம் வாங்கிச் சேர்த்தது. அதாவது, நாம் கட்டிய கட்டணமே!

ஆயினும் பல ஊர்களில் இழை ஊராட்சி அலுவலகத்தைத் தாண்டவில்லை. தண்டவாளம் போட்டார்கள், ரயிலடிக்குப் பாதை போடவில்லை. இதையுணர்ந்தே 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதலாயிற்று. ஒன்றரைக் கோடி கிராம வீடுகளுக்கு இணைப்பு என்பது இலக்கு. கோடை விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள், மே முதல் நாள் கிராம சபையில் எழுந்து, நம் தெருவுக்கு எப்போது என்று கேட்டு வாருங்கள்.