ஏலமலை நாட்கள் – 17: விட்டுப்போன நாலாவது துவாரம்

சென்ற வாரம் காய் எடுப்புக் காலத்து ஜீப்புகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் என் அம்மாவின் மேல்வரிசைக் கடவாய்ப் பல் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பல் எங்கள் வீட்டின் பத்து மாதத்தை விழுங்கியது. இதே கதை எங்கள் பக்கத்தில் எத்தனையோ வாய்களில் மூடிக் கிடக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

இடுக்கி மாவட்டத்தில் எங்கள் ஊரான சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்த நாள். சந்தைக்குப் போவதும் துக்கம் விசாரிப்பதும் உடம்புக்குப் பார்ப்பதும் அன்றைக்குத்தான். கிழமை நாளில் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். பல் செவ்வாய்க்கிழமை வலிக்க ஆரம்பித்தாலும் ஞாயிறுவரை பொறுக்க வேண்டும். அம்மா கிராம்பை நசுக்கிச் சொத்தையில் அடக்கிக்கொண்டு ஐந்து நாள் காய் எடுத்தாள். கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற எண்ணெய் வலியை மரக்க வைக்கும். பல் மருத்துவர்கள் தற்காலிகமாக அடைக்கிற மருந்திலும் துத்தநாக ஆக்சைடோடு குழைப்பது அதே யூஜினாலைத்தான். பல் ஆஸ்பத்திரி வாசலில் நம்மை எதிர்கொள்ளும் அந்த நெடி, நம் மலையில் விளைகிற கிராம்பின் நெடி. அது வலியை மூடும். உள்ளே அழுகுவதை நிறுத்தாது.

ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கினோம். அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பல் ஆஸ்பத்திரி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல மேலேயிருந்து வந்தவர்கள், சாயங்காலத்துக்குள் வண்டி பிடிக்க வேண்டியவர்கள். "திரும்பத் திரும்ப வர முடியாது சார், இன்னைக்கே முடிச்சு விட்ருங்க" என்று கேட்டது அம்மாதான். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ரூட் கேனால் ஆயிற்று, அடுத்த வாரம் கேப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த ஞாயிறு கேப்பும் போட்டாயிற்று. பணத்தை எண்ணிக் கொடுத்தோம். ரசீது நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் வெளியே நின்றிருந்தேன்.

ஒரே நாளில் வேர் சிகிச்சை செய்வது தப்பில்லை. பல்லின் நிலை இடம் கொடுத்தால் நல்ல மருத்துவர்களும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வேலைக்குத் தேவைப்படும் நேரத்தைப் பல் தீர்மானிக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அதைத் தீர்மானித்தது கடைசி ஜீப்.

மூன்றாவது வாரம் வலி திரும்பியது. முன்பு போலக் குத்தலாக இல்லாமல், மென்றால் அமுங்கி வலிப்பது. அந்தப் பக்கம் ஈறில் கொப்புளம் போல ஒன்று வந்து உடைந்தது, மறுபடி வந்தது. போனோம். மாத்திரை கொடுத்தார்கள். சரியானது. மாத்திரை தீர்ந்ததும் வந்தது. மறுபடி மாத்திரை. நாலாவது தடவை, "இது நிக்காதும்மா, புடுங்கிடலாம்" என்றார்கள்.

"புடுங்கணும்னா அன்னைக்கே புடுங்கியிருப்பேனே சார், எதுக்கு இவ்வளவு காசு குடுத்தேன்?" என்று அம்மா கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்ததும் யாரிடமும் சொல்லாதே என்றாள். காசு கொடுத்து ஏமாந்தோம் என்று சொல்ல வெட்கம். அதற்குப் பிறகு ஏழு மாதம், ஒரு பக்கமாகவே மென்று தின்றாள். இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது அந்த ஏழு மாதம்தான்.

மதுரைக்குக் கூட்டிப்போக எனக்கு அவ்வளவு நாள் ஆனது. குமுளியிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். வேர் சிகிச்சையையே தனிப் படிப்பாகப் படித்த எம்.டி.எஸ். மருத்துவர் ஒருவர். அவர் வாய்க்குள் கருவியை வைக்கும் முன்பு இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார். படத்தைத் திரையில் பெரிதாக்கி, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அம்மா, இந்தப் பல்லுக்கு வேர் மூணு. ஆனா உள்ள போற வழி நாலு. மூணைத்தான் அடைச்சிருக்கு. நாலாவது தொறக்கவே இல்ல. அடைச்ச மூணுலயும் ஒண்ணு பாதியிலயே நிக்குது."

எனக்கு அன்றுதான் விளங்கியது. ரூட் கேனால் என்றால் நரம்பைக் கொல்வது என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஏலத்தோட்டத்தில் தண்ணீர் விடும் குழாயில் மண் அடைத்துக்கொண்டால் என்ன செய்வோமோ, ஏறத்தாழ அதுதான் அது. பல்லுக்குள் நூல் போல ஓடும் வழிகளில் இருக்கும் செத்த சதையையும் கிருமியையும் மெல்லிய அரங்களால் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, வேரின் நுனிவரை இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். ஒரு வழி விட்டுப்போனாலும் அங்கிருக்கும் கிருமி எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் வேலை செய்யும். செத்துப்போன பல்லின் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை. அதனால் மாத்திரை வீக்கத்தை வடிக்கும், மூலத்தைத் தொடாது. திரும்பத் திரும்ப மாத்திரை வாங்கித் தின்ற அம்மாவுக்கு இதை முதல் முறையே யாராவது சொல்லியிருக்கலாம்.

மேல்வரிசை முதல் கடவாய்ப் பல்லில் கன்னப் பக்கத்து முன் வேரில் இரண்டாவது வழி ஒன்று பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. மிகச் சன்னமானது. தேடினால்தான் அகப்படும், சில சமயம் தேடினாலும் அகப்படாது. திறமையானவர்களும் தவறவிடுவது உண்டு. ஆகவே நாலாவது வழி விட்டுப்போனதற்காக மட்டும் அந்த முதல் மருத்துவரை நான் குற்றவாளி ஆக்க மாட்டேன். வலி திரும்பிய பிறகும் படம் எடுத்துப் பார்க்காதது, எங்கே பிசகியது என்று சொல்லாதது, நிபுணரிடம் அனுப்பாமல் மாத்திரையை நீட்டியது, கடைசியில் பிடுங்கச் சொன்னது, இவற்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறு சிகிச்சைக்கு நாங்கள் மூன்று முறை போனோம். முதலில் கேப்பை அறுத்து எடுத்தார். அதன் விளிம்பு பல்லோடு பொருந்தாமல் ஈறுக்குள் குத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைக் கட்டினார். அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் உள்ளே போகாமலும், கழுவும் மருந்து தொண்டைக்கு இறங்காமலும் காக்கிற விரிப்பு அது. நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் 1864இல் கண்டுபிடித்தது. நூற்றறுபது ஆண்டுப் பழைய பொருள். கோட்டயம் பக்கத்து மலைகளில் மரமரமாகப் பால் வடிகிற அதே ரப்பர். முதல் ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டு ரப்பரை அம்மா பார்க்கவே இல்லை.

பழைய அடைப்பை எடுத்தபோது இளஞ்சிவப்புக் குச்சி போல ஒன்று வந்தது. கட்டாபெர்ச்சா. மலாயாக் காட்டு மரத்தின் பால். நம் முன்னோர் கப்பலேறிப் போன அதே மலாயாதான். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு மேலுறையாக இருந்ததும் இந்தப் பால்தான். கடல் தண்ணீரையே உள்ளே விடாத பொருள் என்பதால்தான் பல்லுக்கும் ஆகி வந்திருக்கிறது. பொருளில் குறையில்லை. அது நுனிவரை போய்ச் சேரவில்லை.

நாலாவது வழியை நுண்ணோக்கி வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். எல்லா வழிகளிலும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து இரண்டு வாரம் மூடினார். ஈறுக் கொப்புளம் வற்றியதைப் பார்த்த பிறகே நிரந்தரமாக அடைத்தார். பிறகு புதுக் கேப். செலவு முதல் செலவைப் போல இரண்டு பங்கு. அதோடு மூன்று நாள் கூலியும் பஸ் காசும். ஏழைக்கு ஒரு வேலை கெட்டால் அதைச் சரிசெய்யும் செலவு எப்போதும் இப்படித்தான் வருகிறது.

எங்களுக்குப் போனது காசும் மாதங்களும். உயிரே போனவர்கள் இருக்கிறார்கள். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 2023ஆம் ஆண்டு வாக்கில் காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல் என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். மெலியாய்டோசிஸ் என்ற நோய் மூளையைத் தாக்கியிருந்தது. அதன் கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் ஐ.சி.எம்.ஆரின் சென்னைத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் சேர்ந்து ஆராய்ந்து, 2025இல் லான்செட் குழுமத்துத் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த 21 நோயாளிகளில் 10 பேர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் புட்டியில் கிருமி இருந்தது. சிகிச்சைக் கருவியாலேயே புட்டியைத் திறந்து, பஞ்சால் ஒப்புக்கு மூடி, மீதியை அடுத்தவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். புதிதாக ஒரு புட்டி திறந்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். இதை எழுதும்போது கை தயங்குகிறது. பல் வலி என்று போனவர்கள் அவர்கள்.

எங்கள் லயத்திலேயே இன்னொரு அக்கா. முன்பல் விழுந்த இடத்தில், சந்தையில் பரம்பரையாகப் பல் கட்டுகிறவரிடம் ஒரு மணி நேரத்தில் பல் வைத்துக்கொண்டார். ஈறின் மேலேயே பிளாஸ்டிக் குழம்பை ஊற்றி இறுக வைத்து, பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிடுவது அது. கழற்றிக் கழுவ முடியாது. இரண்டே ஆண்டில் பக்கத்துப் பற்கள் இரண்டும் ஆடின. ஒரு பல்லுக்கு மூன்று பல் போயிற்று. பதிவு செய்துகொள்ளாமல் பல் வைத்தியம் செய்யக்கூடாது என்று 1948லேயே பல் மருத்துவர் சட்டம் வந்துவிட்டது. படிக்காமல் தொழில் செய்துவந்தவர்களை அன்றைக்கு ஒரு தனிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தலைமுறை முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

எல்லையில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு குழப்பம். வீடு கேரளத்தில், வைத்தியம் தமிழ்நாட்டில். கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது? மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால், அவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த மாநிலப் பல் மருத்துவ மன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் நஷ்டஈடு கேட்பதற்கு மலையிறங்க வேண்டியதில்லை. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்கிறது. அடிவாரத்தில் கெட்ட பல்லுக்குச் சக்குபள்ளத்துக்காரர் இடுக்கி மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணம் இல்லை.

நாங்கள் கேட்கவில்லை. கேட்க எங்களிடம் எதுவும் இல்லை. ரசீது இல்லை, படம் இல்லை, மாத்திரைச் சீட்டுகூட மழையில் நனைந்து போயிருந்தது. ஒரு மருத்துவரின் கணிப்பு பிசகியது என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதைக் காட்டக் கையில் தாள் வேண்டும். அதைக் கேட்பது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், நோயாளியின் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கின்றன.

மதுரை மருத்துவர் அம்மாவிடம் மூன்று படம் கொடுத்தார்: கை வைக்கும் முன் எடுத்தது, அடைத்தவுடன் எடுத்தது, ஆறு மாதம் கழித்து எடுத்தது. மூன்றாவது படத்தில் வேர் நுனியில் கறுப்பாக இருந்த வட்டம் சுருங்கியிருக்கிறது. எலும்பு திரும்ப வளர்கிறது என்று அதற்குப் பொருள். ரேஷன் கார்டு வைக்கும் உறையிலேயே அம்மா அவற்றையும் வைத்திருக்கிறாள். இப்போது லயத்தில் யாருக்குப் பல் வலித்தாலும் அவற்றை எடுத்துக் காட்டுகிறாள். யாரிடமும் சொல்லாதே என்றவள்தான்.

வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி வலித்தால், பிடுங்கச் சம்மதிக்கும் முன் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாரிடம் போக வசதி இல்லையென்றால் கோட்டயத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தமிழ்நாட்டுப் பக்கம் புதுக்கோட்டையில் 2023இல் ஒன்று திறந்திருக்கிறார்கள். அதற்காக ஒரு நாள் கூலி போனால் போகட்டும். அடுத்த ஞாயிறு மலையிறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ரசீதையும் எக்ஸ்ரே படத்தையும் கையில் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

(தொடரும்)